குயின்ஸ் பார்க்கில் ஒரு நாள்: நேரம் யார் கையில்?

குயின்ஸ் பார்க் என்று அழைக்கப்படும் ஒன்ராறியோ மாகாண சட்டமன்றத்தைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்ததெல்லாம் கைபேசியில் வரும் இரண்டு நிமிடக் காணொளிதான். எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து காரசாரமாக ஒரு கேள்வி கேட்பார். அமைச்சர் அதற்குத் தொடர்பில்லாத ஒன்றைப் பதிலாகச் சொல்வார். ஒரு பக்கம் கைதட்டல், மறுபக்கம் கூச்சல், நடுவில் அமைதி கேட்டு எழுந்து நிற்கும் சபாநாயகர். இதைப் பார்ப்பவர்கள் அலுத்துக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கூச்சல் ஒரு நாள் அலுவலில் ஒரே ஒரு மணி நேரம். நம் வாழ்க்கையை மாற்றும் முடிவுகள் பெரும்பாலும் மற்ற மணி நேரங்களில், பார்வையாளர் மாடம் ஏறக்குறைய காலியாக இருக்கும் வேளையில் எடுக்கப்படுகின்றன.

124 உறுப்பினர்கள் கொண்ட சபை இது. 2025 பெப்ரவரித் தேர்தலில் முதல்வர் டக் ஃபோர்டின் முற்போக்குப் பழமைவாதக் கட்சி 80 இடங்களைப் பெற்றது. புதிய ஜனநாயகக் கட்சிக்கு 27, லிபரல் கட்சிக்கு 14, பசுமைக் கட்சிக்கு 2, சுயேச்சை ஒருவர். கட்சிக் கட்டுப்பாடு இறுக்கமாக உள்ள இச்சபையில் இவ்வளவு பெரும்பான்மை வைத்திருக்கும் அரசு எந்த வாக்கெடுப்பிலும் தோற்கப் போவதில்லை. இது எல்லோருக்கும் தெரியும். பின் எதற்காக நாள்தோறும் கூடிப் போராடுகிறார்கள்? நேரத்துக்காக. ஒரு சட்டமூலம் எவ்வளவு நாள் வெளிச்சத்தில் இருக்கும், அதைப் பற்றி யார் பேசலாம், பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்ல ஒரு நாளாவது கிடைக்குமா என்பவைதான் உண்மையான சண்டை. சபையின் அன்றாட ஒழுங்குமுறை முழுவதையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் அதுவரை சடங்காகத் தெரிந்தவை பொருள் தரத் தொடங்கும்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் ஒட்டாவாவிலுள்ள கூட்டாட்சி அரசையே அதிகம் கவனிக்கிறோம். குடிவரவும் வெளியுறவும் அதன் கையில் என்பதால் அது இயல்பு. ஆனால் மருத்துவமனை, பள்ளி, பல்கலைக்கழகம், சாரதி உரிமம், வாகனக் காப்புறுதி விதிகள், முதியோர் இல்லம், வாடகைச் சட்டம் எல்லாமே மாகாணத்தின் கையில் இருக்கின்றன. மாநகர சபைகளே மாகாணச் சட்டத்தால் உருவானவை. 2025 மே மாதம் சபைக்கு வந்த வரவு செலவுத் திட்டம் 232 பில்லியன் டொலருக்கும் அதிகம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடியேறிய வீடுகளுக்கு வாடகை உயர்வு உச்சவரம்பு கிடையாது. ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ புதிய அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய செய்தி! அந்த மாற்றம் தனிச் சட்டமாக வரவில்லை. 2018இன் இலையுதிர்காலப் பொருளாதார அறிக்கையோடு வந்த பெரிய சட்டமூலம் ஒன்றின் அட்டவணைகளில் ஒன்றாக வந்தது. கவனிக்காதவர்களுக்கு வாடகை ஏறிய பிறகுதான் தெரிந்தது.

சபை திங்கள் முதல் வியாழன் வரை கூடும். வெள்ளிக்கிழமை தொகுதி வேலைக்கு. திங்களன்று காலை 10.15க்குத் தொடக்கம், மற்ற மூன்று நாள்களும் காலை 9 மணிக்கே தொடங்கிவிடும். ஆயுதக்காவலர் செங்கோலைத் தோளில் ஏந்தி வந்து மேசை மேல் வைப்பார். பிறகு பிரார்த்தனை. கிறிஸ்தவ மன்றாட்டை மட்டும் வாசிப்பதைக் கைவிடலாமா என்று 2008இல் பெரிய விவாதம் எழுந்தது. அதை வைத்துக்கொண்டு, மற்றச் சமயங்களின் பிரார்த்தனைகளையும் மௌனத் தியானத்தையும் சுழற்சி முறையில் சேர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. 1893இல் திறக்கப்பட்ட இளஞ்சிவப்பு மணற்கல் கட்டடம் அது. அரசு உறுப்பினர்களின் கண்ணுக்கு எதிரே ஓர் ஆந்தையும் எதிர்க்கட்சியினரின் கண்ணுக்கு எதிரே ஒரு கழுகும் மரத்தில் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆள்பவருக்கு அறிவு வேண்டும், எதிர்ப்பவருக்கு விழிப்பு வேண்டும் என்பது அதன் கருத்து. மறுதரப்பையும் கேள் என்று பொருள்படும் இலத்தீன் வாசகமும் அங்கே உண்டு. தண்ணீரும் குறிப்புச் சீட்டும் எடுத்துக்கொண்டு ஓடியாடுபவர்கள் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். நம் வீட்டுப் பிள்ளைகளும் விண்ணப்பித்து இப்பணியில் சேரலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது.

கேள்வி நேரம் காலை 10.30க்கு. முன்பு பிற்பகலில் இருந்ததை 2008இல் காலைக்கு மாற்றினார்கள். அதற்குச் சற்று முன்னால், உறுப்பினர்கள் தலைக்கு ஒன்றரை நிமிடம் எடுத்துத் தம் தொகுதியைப் பற்றிப் பேசும் ஒரு பகுதி உண்டு. ஒரு பள்ளியின் வெற்றி, ஒரு முதியவரின் மறைவு, மூடப்படும் ஒரு மருத்துவ நிலையம் எனச் சிறிய செய்திகள் அங்கே பதிவாகின்றன. தைப்பொங்கலும் முள்ளிவாய்க்கால் நினைவும் சபைப் பேச்சுகளின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சார்ட்டில் ஏற இந்தப் பகுதிதான் பெரும்பாலும் வாசல்.

கேள்வி நேரத்தின் விதிகளில் ஒன்றை அறிந்துகொண்டால் அதன் கோபம் புரியும். அமைச்சர் பதில் சொல்லும் விதத்தைச் சபாநாயகர் கட்டாயப்படுத்த முடியாது. மொழி வரம்பு மீறினால் தடுக்கலாம், நேரம் முடிந்தால் நிறுத்தலாம், ஆனால் ‘கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்’ என்று ஆணையிட அதிகாரம் இல்லை. ஆளுங்கட்சியின் பின்வரிசை உறுப்பினர்களும் கேள்வி கேட்கிறார்கள். அவை பெரும்பாலும் தம் அமைச்சர் சாதனையை எடுத்துச் சொல்ல வழிவிடும் கேள்விகளாகவே இருக்கின்றன. அந்த அறுபது நிமிடத்தில் இது வீணாகும் பங்கு என்றே நான் கருதுகிறேன்.

ஆனாலும் கேள்வி நேரத்தைத் தூக்கி எறிய எனக்கு மனமில்லை. 2024 மே 28 அன்று வட ஒன்ராறியோவின் கிவெட்டினூங் தொகுதி உறுப்பினர் சோல் மமாக்வா தம் தாய்மொழியான அனிஷினினீமோவினில் கேள்வி கேட்டார். அதுவரை ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்த சபையில் முதற்குடி மொழி ஒன்று மொழிபெயர்ப்பாளர் உதவியோடு ஒலித்தது அதுவே முதல் முறை. அதற்காகச் சபையின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளையே திருத்தியிருந்தார்கள். மேலே மாடத்தில் அவருடைய குடும்பத்தினரும் சமூகத்து மூத்தோரும் அமர்ந்திருந்தார்கள். நீண்டகாலமாக வாக்குறுதியிலேயே நின்றுவிட்ட முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றைப் பற்றி, சூ லுக்அவுட் நகரத்துக்காக அவர் கேட்டார். கட்டித் தருவதாக முதல்வர் எழுந்து நின்று உறுதி சொன்னார். ஒரு நிமிடக் கேள்வி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், இதைச் செய்ய முடியும். தாய்மொழி ஒரு சபையில் ஏறுவதன் பெறுமதி தெரிந்த நமக்கு அன்றைய ஹன்சார்ட்டை வாசிக்காமல் இருக்க முடியாது.

கேள்வி நேரம் முடிந்ததும் ஒத்திவைக்கப்பட்ட வாக்கெடுப்புகளுக்காக மணி அடிக்கும். ஐந்து உறுப்பினர் எழுந்து நின்றாலே பெயர் சொல்லி வாக்கெடுக்க வேண்டும் என்பது விதி. அதன் பிறகு செய்தியாளர்கள் கலைந்துவிடுவார்கள். பிற்பகலில் குழு அறிக்கைகள், புதிய சட்டமூலங்களின் அறிமுகம், அமைச்சர் அறிக்கைகள், மனுக்கள் என்று வழமையான அலுவல் நடக்கும். பொதுமக்கள் யாரும் நேரே சென்று மனுக் கொடுக்க முடியாது. ஓர் உறுப்பினர் வழியாகத்தான் அது சபைக்குள் வரும். அதற்குப் பின், மாலை ஆறு மணி வரை, சட்டமூலங்கள் மீதான விவாதம். சபை நடக்கச் சபாநாயகரோடு சேர்த்து 12 பேர் இருந்தால் போதும்.

ஒரு சட்டமூலம் முதலாம் வாசிப்பில் அறிமுகமாகும். இரண்டாம் வாசிப்பில் அதன் கொள்கை விவாதிக்கப்படும். பிறகு குழுவுக்குச் சென்று பிரிவு பிரிவாகத் திருத்தப்படும். மூன்றாம் வாசிப்பு, அதன் பின் துணை ஆளுநரின் ஒப்புதல். பாடநூலில் இப்படித்தான் இருக்கும். நடைமுறையைத் தீர்மானிப்பது ஓர் எண்: ஆறரை மணி நேரம். இரண்டாம் வாசிப்பில் அவ்வளவு நேரம் விவாதம் நடந்துவிட்டால், அதற்குப் பிறகு நேர ஒதுக்கீட்டுத் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவர அரசுக்கு உரிமை கிடைக்கிறது. இன்னும் எத்தனை மணி நேரம் விவாதம், குழு உண்டா இல்லையா, உண்டென்றால் எத்தனை நாள் என்பதையெல்லாம் அந்த ஒரே தீர்மானம் முடிவு செய்துவிடும். பத்துப் பதினைந்து வெவ்வேறு சட்டங்களைத் திருத்தும் அட்டவணைகள் கொண்ட சட்டமூலத்துக்கும் அதே ஆறரை மணி நேரம்தான். அந்த நேரமும் காலையும் மாலையுமாகச் சபை கூடினால் இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும்.

2022இன் இறுதியில் நடந்தது இதற்கு மிகக் கடுமையான எடுத்துக்காட்டு. பள்ளிகளில் துப்புரவு, அலுவலகம், சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்கான உதவி போன்ற பணிகளைச் செய்யும் ஏறக்குறைய 55,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமானார்கள். ஒக்டோபர் 31 அன்று அரசு 28ஆம் இலக்கச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. வேலைநிறுத்தத்தைத் தடை செய்து, ஒப்பந்தத்தைத் திணித்து, உரிமைச் சாசனத்தையும் மீறிச் செல்லுபடியாகும் பிரிவை அது பயன்படுத்தியது. விவாத மணி நேரத்தை விரைவாகச் சேர்க்கச் சபை அதிகாலை 5 மணிக்குக் கூடியது. முதல்வர் பொய் சொல்கிறார் என்ற சொல்லைத் திரும்பப் பெற மறுத்த எதிர்க்கட்சியின் தற்காலிகத் தலைவர் பீட்டர் டாபன்ஸ் உட்படப் பலர் வெளியேற்றப்பட்டார்கள். பொதுமக்கள் கருத்துக் கூறும் குழு அமர்வு ஒன்றுகூட இல்லை. நவம்பர் 3 அன்று அது சட்டமாயிற்று. மறுநாளே தொழிலாளர்கள் வெளியேறிப் போராடினார்கள். மற்றத் தொழிற்சங்கங்களும் சேர்ந்துகொள்ளத் தயாரானபோது அரசு பின்வாங்கியது. நவம்பர் 14 அன்று, அச்சட்டம் ஒருபோதும் நடைமுறையில் இருந்ததில்லை என்று கருதவேண்டும் எனக் கூறும் இன்னொரு சட்டத்தை அதே சபை ஒரே நாளில் நிறைவேற்றியது. இரண்டு வாரத்தில் போட்டதும் கழற்றியதும் ஒரே சபை. குழுவில் இரண்டு நாள் கேட்டிருந்தால் இந்த எதிர்ப்பின் அளவு அரசுக்கு முன்பே தெரிந்திருக்கும். நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்தவர்கள் எதை இழந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இத்தனை இறுக்கமான விதிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், எதிர்க்கட்சிகளும் நேரத்தை ஆயுதமாக எடுத்த வரலாறு விடை சொல்லும். 1991 மே மாதம், முதல்வர் பொப் ரேயின் அரசு கொண்டுவந்திருந்த வரவு செலவுத் திட்டத்தை மறிக்க நினைத்தார், அப்போது எதிரணியில் இருந்த மைக் ஹாரிஸ். அவர் அறிமுகப்படுத்திய சட்டமூலத்தின் தலைப்பிலேயே மாகாணத்தின் ஏரி, ஆறு, ஓடைகளின் பெயர்கள் நிறைந்திருந்தன. தலைப்பை அவர் வாசித்து, விதிப்படி எழுத்தரும் வாசிக்க, அன்றைய நாள் முழுவதும் போய்விட்டது.

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஹாரிஸ் முதல்வர். ரொறன்ரோ, ஸ்காபரோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ, யோர்க், ஈஸ்ட் யோர்க் ஆகிய ஆறையும் ஒரே மாநகரமாக இணைக்கும் 103ஆம் இலக்கச் சட்டமூலத்தை அவர் அரசு கொண்டுவந்தது. புதிய ஜனநாயகக் கட்சி கணினி உதவியோடு ஏறக்குறைய 11,500 திருத்தங்களை உருவாக்கியது. ஒவ்வொரு திருத்தமும் நகரின் ஒரு தெருவின் பெயரைச் சொல்லி, அத்தெரு மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்றது. 1997 ஏப்ரல் 2 அன்று தொடங்கி, அகரவரிசையில் தெருத் தெருவாக, இரவும் பகலும் சபை நடந்தது. உறுப்பினர்கள் முறை வைத்து உறங்கினார்கள். ஏப்ரல் 4 அன்று களைத்துப்போன அரசு உறுப்பினர்கள் உரிய நேரத்தில் மறுப்புச் சொல்லத் தவற, எற்றோபிக்கோவின் கஃபோன் கோர்ட் என்ற சிறு தெருவுக்கான திருத்தம் நிறைவேறியே விட்டது. அதை நீக்க அரசு தனியே ஒரு திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் முழு வாசகத்தையும் வாசிக்கத் தேவையில்லை, தெருப் பெயர் போதும் என்று சபாநாயகர் கிறிஸ் ஸ்டொக்வெல் தீர்ப்பளித்தபின் வேகம் கூடியது. ஏப்ரல் 11 அன்று எல்லாம் முடிந்தது. 1998 தொடங்கியபோது ஸ்காபரோ தனி நகரமாக இல்லை.

அந்த மறியல் தோற்றது என்று சொல்லலாம். ஆனால் ஒன்பது நாளுக்கு மாகாணம் முழுவதும் ஒரு மாநகர இணைப்பைப் பற்றியே பேசியது. எதிர்க்கட்சியால் வாங்க முடிந்த பொருள் அதுதான். அதன் பிறகு வந்த அரசுகள், எந்தக் கட்சியாக இருந்தாலும், விதிகளை இன்னும் இறுக்கின. எதிரணியில் இருக்கும்போது நேர ஒதுக்கீட்டைக் கண்டித்தவர்கள் ஆட்சிக்கு வந்ததும் அதையே கையில் எடுத்தார்கள். இதில் எந்தக் கட்சிக்கும் நான் நற்சான்று தரமாட்டேன்.

நள்ளிரவையும் அரசு பயன்படுத்தியிருக்கிறது. ரொறன்ரோ மாநகர சபையை 47 உறுப்பினரிலிருந்து 25ஆகக் குறைத்த சட்டத்தை 2018 செப்டெம்பரில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, மாநகரத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாகக் கொண்டுவந்த புதிய சட்டமூலத்தை விவாதிக்கச் செப்டெம்பர் 17 அன்று, நள்ளிரவு தாண்டியதும் சபை கூடியது. வெளியே மக்கள் வரிசையில் நின்றார்கள். மாடத்திலிருந்து குரல் எழுப்பியவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இரண்டு நாளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை இடைநிறுத்தியதால் புதிய சட்டமூலம் தேவைப்படாமல் போயிற்று.

விதிகளையெல்லாம் தாண்டிச் செல்ல ஒரு வழி இருக்கிறது: ஒருமித்த சம்மதம். யாராவது எழுந்து, ‘சபையின் ஒருமித்த சம்மதத்தைக் கோருகிறேன்’ என்பார். ஒருவர் ‘இல்லை’ என்றாலும் முடிந்தது. 2024 வசந்தத்தில் பாலஸ்தீன அடையாளமான கெஃபியே துணி அணிவதைச் சபாநாயகர் தடை செய்தபோது, முதல்வர் உட்பட எல்லாக் கட்சித் தலைவர்களும் தடைக்கு எதிராகப் பேசியும், அதை நீக்கும் கோரிக்கை ஆளுங்கட்சிப் பின்வரிசையிலிருந்து எழுந்த மறுப்பால் நின்றுபோனது. மறுபுறம், 2025 மே 29 அன்று உறுப்பினர் சம்பளத்தை 35 விழுக்காடு உயர்த்தி ஓய்வூதியமும் தரும் சட்டமூலம் அறிமுகமான அன்றே எல்லாக் கட்சிகளின் ஆதரவோடு நிறைவேறியது. 2009 முதல் அச்சம்பளம் உயர்த்தப்படாமல் இருந்தது உண்மை. உயர்வுக்கு நியாயமும் உண்டு. ஆனால் மக்கள் பணத்தைத் தமக்கே ஒதுக்கும் முடிவுக்குத்தான் அதிக நாள் வெளிச்சம் தேவை என்பது என் எண்ணம்.

அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் சட்டமூலங்களுக்கு நாள் முடிவில் சிறிது நேரம் ஒதுக்கப்படுகிறது. யாருடைய முறை எப்போது என்பது குலுக்கலில் முடிவாகும். அமைச்சரவையின் ஆதரவு இல்லாவிட்டால் இவை பெரும்பாலும் இரண்டாம் வாசிப்போடு உறங்கிவிடும். தமிழர் நன்கறிந்த 104ஆம் இலக்கச் சட்டமூலம் அந்தக் கதிக்கு ஆளாகாமல் தப்பியது. ஸ்காபரோ–ரூஜ் பார்க் உறுப்பினர் விஜய் தணிகாசலம் 2019இல் கொண்டுவந்த அந்தச் சட்டமூலம், மே 18இல் முடியும் ஏழு நாள்களைத் தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரமாக அறிவிப்பது. அதே ஆண்டில் இரண்டாம் வாசிப்பைக் கடந்தும், மூன்றாம் வாசிப்பு 2021 மே 6 அன்றுதான் நடந்தது. பின்னர் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டு, மாகாண அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று நிலைநிறுத்தப்பட்டது. 2025இல் கனடிய உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. அந்த இரண்டு ஆண்டுத் தாமதத்தில் ஒரு சமூகம் கடிதம் எழுதியது, உறுப்பினர்களைச் சந்தித்தது, குழுவைக் கவனித்தது. நான்கு நாளில் வந்த 28ஆம் இலக்கச் சட்டம் பதினொரு நாளில் மறைந்தது, இது நிற்கிறது.

நாள்காட்டியும் நேரத்தின் ஒரு பகுதியே. 2024இல் ஜூன் தொடக்கத்தில் கோடை விடுமுறைக்குக் கலைந்த சபை ஒக்டோபர் 21 அன்றுதான் திரும்பக் கூடியது. 2025இலும் ஜூன் 5 அன்று கலைந்து ஒக்டோபர் 20 அன்று கூடியது. நான்கரை மாதம் கேள்வி நேரம் இல்லை, மனு இல்லை, குழுவுக்கு அனுப்பப் புதிய சட்டமூலம் இல்லை. அரசோ ஒழுங்குவிதிகள் மூலமும் அமைச்சரவை ஆணைகள் மூலமும் தொடர்ந்து நடந்துகொண்டே இருக்கும். இந்த நீண்ட இடைவெளிகளை வழமையாக ஏற்றுக்கொள்ள எனக்கு உடன்பாடில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் சாதாரண மனிதர் ஒருவர் நுழையக்கூடிய இடம் குழுதான். சட்டமூலம் ஒன்று குழுவுக்கு அனுப்பப்பட்டால், அமர்வு நாள்களும் பதிவு செய்வதற்கான இறுதி நேரமும் சட்டமன்ற இணையத்தளத்தில் வெளியாகும். சட்டத்தரணி வேண்டாம், அமைப்பின் பெயர் வேண்டாம், கட்டணம் இல்லை. நேரில் பேச இடம் கிடைத்தால் சில நிமிடங்கள் தருவார்கள். கிடைக்காவிட்டால் எழுத்தில் அனுப்பலாம், அது உறுப்பினர்கள் எல்லோருக்கும் போய்ச் சேரும். வாடகையால் துன்பப்படுபவரும், முதியோர் இல்லத்தில் தாயை வைத்திருப்பவரும், பள்ளியில் உதவியாளராக வேலை செய்பவரும் தம் அனுபவத்தைச் சொன்னால் அது எண்களைவிட நெடுநேரம் நினைவில் நிற்கும். அறிவிப்புக்கும் இறுதி நேரத்துக்கும் இடையே சில வேளைகளில் ஓரிரு நாள்களே இருக்கும். ஆகவே தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தோடு முன்பே தொடர்பு வைத்துக்கொண்டு, எந்தச் சட்டமூலம் எந்தக் குழுவுக்குப் போகிறது, போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று ஒவ்வொரு தடவையும் கேட்பது நல்லது.